முட்டுக்கட்டை

ஏலத்தில் அந்த லாரிக்குக் கை தூக்கியவன்
ஹால்வர் ஒருவன்தான்.
பட்டாளம் கழித்துப்போட்ட ஆறு சக்கரம்,
பச்சை உரிந்த இடத்தில் இன்னொரு பச்சை.
பின்தட்டில் இருபுறமும் மரப்பெஞ்சு;
ஒன்றின் அடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்
கல்லாகிக் கிடந்தது.

எங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு மைல் பாதையை
மொன்டானாவின் பனி
ஏப்ரல்தோறும் கரைத்துக் குடித்துவிடும்.
கவுண்டி ஆபீஸ் சரளை தராது, கடிதம் தரும்.
"இதை டிப்பர் ஆக்கிவிட்டால்" என்றான்.
அதற்குமேல் வாக்கியம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

ஆன்ஸ்கர் லுண்டேயின் கொட்டகையில்
கோதுமை லாரி ஒன்று செத்துக் கிடந்தது.
அதன் வயிற்றிலிருந்து
கத்தரிக்கால் தூக்கியைக் கழற்றினோம்.
சிலிண்டர் பக்கத்தில் எலிக்கூடு,
கூட்டுக்குள் அரைப்படி கோதுமை.
இரும்புக்கு நூற்றைம்பது டாலர்.
எலிகள் இனாம்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
புறப்படுமுன் நாற்பது இடத்தில்
தட்டிப் பார்க்கிற பழக்கம்.
சேசிஸில் வெல்டிங் வைக்காதே, துளை போடு என்றேன்.
போட்டான்; ஒன்பது டிரில் பிட் முறிந்தது.
கீல் இங்கே இருந்தால் முன்சக்கரம் ஆகாயம் பார்க்கும் என்றேன்.
எண்ணெய்த் தொட்டி போதாது என்றேன்.
அந்த ஹோஸுக்குக் கோதுமை லாரியின் வயசு,
மாற்று என்றேன்.

கியர்பாக்ஸ் விலாவில் பம்புக்கு இடம் தேடி
மல்லாந்து கிடந்தவன்,
வெளியே தெரிந்த இரண்டு கால்களால் சொன்னான்:
"எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை."

சரி என்று
உள்ளபடியே ஒன்று செய்தேன்.
இடித்த ரயில்பாலத்து உத்தரம், லார்ச் மரம்,
என் தோள் உயரம்.
அறுக்கவே ஒரு சனிக்கிழமை போயிற்று.

தட்டு முதன்முதலாக எழுந்தது
மார்ச் பதினொன்று, மாலை.
காலியாக.
ஆட்களைச் சிந்தாமல் சுமந்தே பழகிய தட்டு
கொட்டுவதற்குச் சாய்ந்தது.
பெஞ்சு இருந்த துளைகளில்
மேற்கு வெயில் பொட்டுப் பொட்டாக.
ஹால்வர் சின்னப் பையனாய்க் கூவினான்,
கிரீஸ் கன்னோடு அடியில் நுழைந்தான்.

கட்டையை நிறுத்தினேன்.
தட்டுக்கும் அதற்கும் நான்கு விரற்கடை.
"எடு அதை, கை போக வழியில்லை."
எடுக்கவில்லை.

ஹோஸ் வெடித்த சத்தம் பெரிதில்லை.
அழும் குழந்தையை யாரோ
உஸ்ஸென்று அடக்குவது போல.
பிறகுதான் இடி.
நான்கு விரற்கடை இறங்கி
மரத்தில் பல் பதித்து
நின்றது தட்டு.

எண்ணெய் சொட்டும் முகத்தோடு ஊர்ந்து வந்தான்,
கிரீஸ் கன்னை விடாமல்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.
நாய்தான் அவனை மோந்து பார்த்துத் தும்மியது.
மறுநாள் புது ஹோஸ் இரண்டு வாங்கி வந்தான்.
தேவை ஒன்று.

ஏப்ரலில் முதல் லோடு.
தட்டு முழுக்க எழுந்தும் சரளை இறங்கவில்லை,
இரவுப் பனி அதை ஒரே பாறையாக்கியிருந்தது.
அந்தப் பாறையை வானத்துக்குக் காட்டிக்கொண்டு
மத்தியானம் வரை காத்திருந்தோம்.
சாண்ட்விச் பாதி தின்றபோது
மொத்தமும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.
முன்சக்கரம் இரண்டும்
ஒரு முழம் எழும்பி அமர்ந்தன.
ஹால்வர் என்னைப் பார்க்கவில்லை.
நான் மென்றுகொண்டிருந்தேன்.

இப்போது ஊரே பார்க்க வருகிறது.
பம்பின் அழுத்தம், எத்தனை டன், எத்தனை வினாடி,
எல்லாம் சொல்கிறான்.
கேபினுக்குப் பின்னால்
கட்டைக்கென்று அவன் அடித்த இரும்புத் தாங்கியைப் பற்றி
அவனாக ஒன்றும் சொல்வதில்லை.

ஆன்ஸ்கர்தான் கேட்டான், இது எதற்கு என்று.
"அவள் போட்டது" என்றான் ஹால்வர்.

ஆன்ஸ்கர் அந்தப் பல் தடத்தில்
விரலை விட்டுப் பார்த்தான்.
இரண்டாம் கணு வரை போயிற்று.